கை இருக்கிறது, தூக்க முடியவில்லை!

மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஓட்டி வந்த வாலிபர் தூக்கி எறியப்பட்டார். தோள் தரையில் மோதியது. தலை மறுபக்கம் சாய்ந்தது. எலும்பு முறியவில்லை. சிராய்ப்புதான். ஆனால், கை துவண்டு தொங்கியது!

இப்படி வருகிறவர்களை டாக்டர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். கோளாறு கையில் இல்லை. கழுத்தில் இருக்கிறது.

5 வேர்கள்

மூளையின் கட்டளை நரம்பு வழியாகக் கைக்கு வருகிறது. (நரம்பு என்றதும், ஊசி போடும் பச்சைக் குழாயை நினைக்க வேண்டாம். அது ரத்தக் குழாய். நரம்பு, வெள்ளைக் கயிறு போல இருக்கும்.)

கழுத்து எலும்புகளின் இடுக்கில் இருந்து 5 நரம்பு வேர்கள் புறப்படுகின்றன. அவை கூடி, பிரிந்து, மறுபடியும் கூடி, சடை பின்னியது போல, காறை எலும்புக்கு அடியில் புகுந்து கைக்குப் போகின்றன. தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால் அவை அறுந்துவிடும். சில சமயம் வேரோடு பிடுங்கிக் கொள்ளும்.

நரம்பு வேட்டை

காறை எலும்புக்கு மேலே டாக்டர் தோலைக் கீறுகிறார். கொழுப்பை ஒதுக்குகிறார். குறுக்கே நாடா போல ஒரு தசை ஓடுகிறது. அதையும் விலக்குகிறார். உள்ளே, முன்னும் பின்னுமாக 2 தசைகள். அவற்றின் நடுவில்தான் நரம்புகள் வெளிவருகின்றன.

இங்கே அவசரம் கூடாது. முன்தசையின் மேல், மூச்சுவிட உதவும் நரம்பு கிடக்கிறது. பக்கத்தில், கைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய். கீழே, நுரையீரலின் உச்சி! அடிபட்ட தழும்பு இவற்றை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்திருக்கும்.

எது நரம்பு? எது தழும்பு? டாக்டர் லேசான மின்சாரத்தால் தொட்டுப் பார்க்கிறார். தசை துடித்தால் நரம்புக்கு உயிர் இருக்கிறது! இந்தச் சோதனைக்காகவே, அந்த நேரத்தில் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுப்பதில்லை.

இரவல் நரம்பு

அறுந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், கெண்டைக்காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள். பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரத்துப் போகும். அவ்வளவுதான்.

வேரோடு பிடுங்கி இருந்தால்? ஒட்டுவதற்கு முனையே கிடையாது! விரல்கள் அசைகிற நோயாளிகளுக்குப் பிரான்சு டாக்டர் ஓபெர்லின் ஒரு வழி கண்டார். விரல்களுக்குப் போகும் நரம்பில் ஒரு சிறு இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார். 4 பேருக்கு இப்படிச் செய்த விவரம் 1994-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஒரு அடிக்கு 10 மாதம்

ஒட்டிய நரம்பு, நாள் ஒன்றுக்குச் சுமார் 1 மில்லி மீட்டர்தான் வளரும். ஒரு அடி போக 10 மாதம் ஆகும்! அதற்குள் தசை சுருங்கி நாராகிவிடக் கூடாது. அதனால்தான் 6 மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் விரும்புகிறார்கள்.

சிலருக்கு நரம்பு அறுந்திருக்காது. நீண்டு மட்டும் இருக்கும். அது தானே தேறலாம். அதற்காக டாக்டர்கள் 3 மாதம் போலப் பொறுத்துப் பார்ப்பது உண்டு. ஆனால், டாக்டரிடம் காட்டாமலே எண்ணெய் தேய்த்து ஒரு வருடத்தை ஓட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்களே!

காலத்தில் வந்தவருக்கு, பல மாதம் கழித்து ஒரு நாள், புஜத்தில் லேசாக ஒரு துடிப்பு தெரியும். பிறகு முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும். தட்டில் இருக்கும் சோற்றை வாய்க்குக் கொண்டு போக அது போதும்.