வாய், தாடை, முக அறுவை மருத்துவம்

பல் மருத்துவர் எனின் பல் பிடுங்குபவர் என்றே நம்மிற் பலர் எண்ணுவர். சிதைந்த முகத்தின் எலும்புகளைச் சேர்ப்பவரும் அத்துறையினின்று வந்தவரே. அவர்தம் பணி யாது? அதற்குப் பல் மருத்துவப் பயிற்சி எதற்கு? ஈண்டுக் காண்போம்.

எலும்பினுட் புதைந்த ஞானப்பல்லை எடுத்தல், முறிந்த தாடையைப் பொருத்துதல், வாயிலும் தாடையிலும் தோன்றும் கட்டிகளை அகற்றுதல், பிறவியிலேயே பிளந்த உதட்டையும் அண்ணத்தையும் சீராக்குதல், ஒன்றோடொன்று இசையாத தாடைகளை அறுத்து நேராக்குதல் ஆகியன இவர்தம் பணிகள்.

தாடையெலும்பு பற்களைத் தாங்கி நிற்பது. அது சிறிது பிறழ்ந்து ஒட்டினாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேரா, மெல்லுதல் அரிதாகும். ஆகவே முறிந்த தாடையைச் சேர்ப்பதற்குப் பற்களே அளவுகோல். இருவரிசைப் பற்களையும் முன்போற் பொருந்தச் செய்து கம்பியாற் பிணித்துவிட்டால், எலும்பு தன் நிலையில் ஒட்டும். இக்காலத்தில் சிறு டைட்டானியத் தகடுகளைத் திருகாணியால் எலும்பில் இறுக்குகின்றனர். அப்போதும் முதலில் நோக்குவது பல் பொருத்தத்தையே.

இதன் பயனை முதல் உலகப்போர் நன்கு உணர்த்தியது. முகம் சிதைந்த படைவீரர்க்கென 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் தனி மருத்துவமனை திறக்கப்பெற்றது. அங்கே 5,000-க்கு மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர். ஹெரால்டு கில்லிஸ் தோலையும் தசையையும் சீராக்கினார். பல் அறுவை மருத்துவரான வில்லியம் கெல்சி பிரை எலும்பையும் பற்களையும் தம் பொறுப்பாக ஏற்றார். உள்ளே எலும்பு நிலைபெறாவிடின் மேலே ஒட்டிய தோல் உருக்கொள்ளாது. தாடை சிதைந்தவரை மல்லாத்திக் கிடத்தினால் நாக்கும் குருதியும் மூச்சை அடைக்கும் என்பதையும், முன்குனிந்து அமரச் செய்வதே உயிர்காக்கும் என்பதையும் போர்க்கள மருத்துவர் கண்டனர்.

இத்தகைய பணிக்குப் பயிற்சியும் நெடியதே. பிரிட்டனில் பல் மருத்துவம், பொது மருத்துவம் ஆகிய இரண்டிலும் பட்டம் பெற்றபின் சிறப்புப் பயிற்சி தொடரும். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டத்திற்குப்பின் குறைந்தது 4 ஆண்டு மருத்துவமனையிற் பயிலவேண்டும். மயக்கமருந்து கொடுக்கும் முறையும் அதில் அடங்கும். இந்தியாவில் பட்டத்தின் மேல் 3 ஆண்டுப் படிப்பு உண்டு.

தமிழாசிரியர்க்கும் இத்துறை அயலானதன்று. எழுத்துகளின் பிறப்பிற்கு உரியனவாகத் தொல்காப்பியர் கூறும் எட்டு உறுப்புகளுள் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தும் இம்மருத்துவர் கைபடும் இடங்களே. அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்கு வல்லெழுத்துத் தெளிவுற ஒலிப்பது அரிது. அவ்வொலி மூக்கின் வழியே கசிந்துவிடும். பிளவை உரிய காலத்தில் மூடிப் பேச்சுப் பயிற்சியும் அளித்தால், அக்குழந்தை பிற குழந்தைகளோடு அமர்ந்து பாடம் படிக்கும். வகுப்பில் அத்தகைய மாணவரைக் காணும் ஆசிரியர், நாப்பழக்கம் போதாதென்று கடிந்துகொள்ளாது, மருத்துவரிடம் செல்ல வழிகாட்டுவாராக.