துள்ளி எழும் பின்னங்கால்

குதிரையின் குணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அனுபவஸ்தர்கள் அதன் பின்னங்காலைத்தான் காட்டுவார்கள். உதை வாங்கியவர்களின் சாட்சியத்தை யார் மறுக்க முடியும்? ஆனால் இங்கே நாம் பேச எடுத்துக்கொண்டது உதைக்கும் காலைப் பற்றி அல்ல. உதைக்கும் எண்ணமே இல்லாத ஒரு சாதுவான பிராணியின் கால், தானாகவே வெடுக்கென்று துள்ளி எழுகிறதே, அதைப் பற்றி.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுவது கொங்கு நாட்டாருக்குத் தெரிந்த விஷயம். மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைகளைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் திரண்டு வருவார்கள். திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளியும் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுழி பார்க்கிறார்; பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்; பேரம் பேசிக் குதிரையை வாங்கி வந்துவிடுகிறார். பிரயாணக் களைப்புத் தீரட்டும் என்று லாயத்திலேயே கட்டிவைத்துத் தீனி போடுகிறார்கள்.

சில நாட்கள் சென்று, ஒரு காலையில் வெளியே நடத்தினால், குதிரை இடது பின்னங்காலை வயிற்றுக்கு நேராக வெடுக்கென்று தூக்கித் தொப்பென்று தரையில் வைக்கிறது! இரண்டடி நடந்ததும் மறுபடியும் அதே வேடிக்கை.

வீட்டில் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமா?

"சுழி சரியில்லையின்னு அப்பவே நெனைச்சேன் கண்ணு. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுரு" என்கிறார் பாட்டி.

"திமிருங்க மொதலாளி. ரெண்டு சாட்டை வெச்சாச் சரியாப் போயிருமுங்க" என்கிறார் வண்டிக்காரர்.

காங்கயத்திலிருந்து வந்திருக்கும் மைத்துனரோ வேறு விதமாகச் சொல்கிறார்: "எங்க காளைக்கு இப்படித்தானுங்க மாமா இருந்துச்சு. டாக்டர் ஒரு நரம்பை அறுத்துவிட்டாரு; அன்னைக்கே நல்லா நடந்துச்சு. இதுக்கும் அறுத்துருங்க."

விற்பதா, அடிப்பதா, அறுப்பதா? தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்தக் காலைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை நாம் முழங்கால் என்று எண்ணிக்கொள்கிறோம். அது நம்முடைய கணுக்காலுக்குச் சமம். துருத்தும் முனைதான் குதிகால். குதிரை ஆயுள் முழுவதும் விரல் நுனியிலேயே நிற்கிறது! அதன் உண்மையான முழங்கால் மேலே, வயிற்றின் ஓரத்தில் இருக்கிறது. நமக்கு உள்ளதுபோல் அங்கேயும் ஒரு சில்லு உண்டு. நம் சில்லைக் கீழே பிணைப்பது ஒரே நார், குதிரைக்கு மூன்று. சில்லையும் உட்புறத்து நாரையும் தொடை எலும்பின் முகட்டில் கொக்கியைப்போல் மாட்டிக்கொண்டால் கால் மடங்காது. தசைகளுக்கு அதிகச் சிரமம் இல்லாமல், குதிரை நின்றபடியே கண்ணயர்வது இந்தத் தாழ்ப்பாளின் உதவியால்தான்.

தாழ்ப்பாள் என்றால் சில சமயம் சிக்கிக்கொள்ளவும் செய்யும் அல்லவா? புறப்படும் வேளையில் கொக்கி கழலாவிட்டால் கால் பின்புறம் நீட்டியபடியே விறைத்துப்போகும்; குளம்பின் நுனி தரையில் இழுபடும். பிறகு சட்டென்று விடுபட்டுக் கால் மேலே எகிறும். இளம் குதிரை, மெலிந்த குதிரை, வேலையின்றிக் கட்டிக் கிடந்து தொடைத் தசை தளர்ந்த குதிரை ஆகியவற்றிடம் இதை அதிகமாகக் காணலாம்.

இது ஒரு நோய். இதைப்போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்டிரிங்ஹால்ட்' என்று ஒன்று. ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே அதன் பெயர் வருகிறது. இதில் கால் சிக்கிக்கொள்வதில்லை; எடுத்த எடுப்பிலேயே வயிற்றை நோக்கித் துள்ளும். ஒரு காலில் மட்டும் கண்டால், அந்தக் காலில் முன்பு பட்ட காயம் காரணமாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பல குதிரைகளுக்கு ஒரே காலத்தில் இரண்டு கால்களிலும் இது கண்டிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஒரு களைச்செடியின்மீது சந்தேகம் விழுந்திருக்கிறது. மேய்ச்சலை மாற்றினால் பெரும்பாலானவை பல மாதங்களில் தேறிவிடுகின்றன.

மூன்றாவது, 'ஷிவர்ஸ்' என்னும் நடுக்கம். முன்னே நடக்கும் குதிரை, பின்னே தள்ளி நடத்தினாலும், லாடம் அடிக்கக் காலைத் தூக்கினாலும், காலை உயர்த்தி நடுங்கும். இதன் மூலம் காலில் இல்லை, சிறுமூளையில் இருக்கிறது என்று 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. நான்காவது, தொடைத் தசை கிழிந்து ஆறிய தழும்பினால் வருவது. முன்னே வீசிய கால் பாதியில் பின்வாங்கித் தரையை அறையும். இவை எதுவும் இல்லாமல் வயிற்றுவலியாலும் குதிரை பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். அது உடனே வைத்தியரை அழைக்க வேண்டிய ஆபத்து. வெறும் ஈக்கடியாகவும் இருக்கலாம்!

இத்தனையையும் கண்ணால் எப்படிப் பிரித்தறிவது? ஓடும் குதிரையின் கால் அசைவு மனிதக் கண்ணுக்கு எட்டாதது. நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற விவாதம், கலிபோர்னியாவில் 1878-ம் வருஷம் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் படம் பிடித்த பிறகுதான் தீர்ந்தது. இன்று அந்த வசதி நம் சட்டைப் பையில் இருக்கிறது. லாயத்திலிருந்து வைக்கும் முதல் அடியையும், திரும்புவதையும், பின்னே நடப்பதையும் செல்போனில் மெதுவாக ஓடும் படமாக எடுத்துக்காட்டினால் மிருக வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

நம் முதலாளி அப்படித்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்தால், கால் எகிறுவதற்கு முன் குளம்பின் நுனி தரையில் ஒரு கணம் இழுபடுகிறது. ஆக, தாழ்ப்பாள்தான்!

அப்படியானால் மைத்துனர் சொன்னது சரிதானே? பாதி சரி. உழவு மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இந்தக் கோளாறு நம் தேசத்தில் சகஜம். சிறு கீறல் வழியாக அந்த உட்புறத்து நாரை அறுத்துவிட்டால் காளை அப்போதே நடப்பதைக் கண்டவர்கள் அநேகர். ஆனால் காளைக்குச் செய்ததை உடனே குதிரைக்கும் செய்துவிடக் கூடாது. நாரை அறுத்தபின் சில குதிரைகளுக்குச் சில்லு நிலைபெறாமல் குருத்தெலும்பு கெட்டு, சில்லே சிதைவதும் உண்டு. ஆகையால் கத்தி கடைசி வைத்தியம். முதல் வைத்தியம், நல்ல தீனியும், குளம்பைச் சமன்படுத்தி அடித்த லாடமும், தினந்தோறும் படிப்படியாகக் கூட்டும் நடையும். தொடைத் தசை வலுப்பட்டால் பல குதிரைகளுக்குக் கொக்கி ஒழுங்காகக் கழலத் தொடங்கிவிடும். அன்பினால் ஓய்வு கொடுத்துக் கட்டிப்போட்டோமே, அதுதான் நோயை வளர்த்தது!

யோசனை கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் 1903-ல் ஆரம்பமான கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பின், நாமக்கல்லில் 1985-ல் ஒன்று ஏற்பட்டது. இப்போது திருப்பூர் ஜில்லாவிலேயே உடுமலைப்பேட்டையிலும் ஒன்று இருக்கிறது.

குதிரைக்கு வாய் இல்லை. தன் வலியையும் சங்கடத்தையும் அது காலால்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாஷையைத் திமிர் என்று அடிப்பதும், துர்ச்சுழி என்று தள்ளிவிடுவதும் எளிது. தள்ளிவிட்ட குதிரைக்கு அடுத்த வீட்டில் காத்திருப்பது இன்னொரு சாட்டைதான். ஆகையால் அடுத்த ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சுழியைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது, குதிரையை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, அதன் பின்னங்காலைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.