காத்திருக்கும் வண்ணம்

மருங்காபுரியில் வளர்ந்த எனக்கு ஓவியம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சுவரோவியம்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டப்பட்டவை. பூச்சு காய்வதற்குள் கை முடித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் பூச்சையே பெயர்த்தெடுக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு வேறு. அதில் நிறப்பொடியைப் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் குழைக்கிறார்கள். அந்த எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதற்குப் பல நாள்கள் ஆகும். அதுவரை ஓவியர் வண்ணங்களை ஒன்றோடொன்று இழைக்கலாம், வழித்தெடுக்கலாம், திருத்தலாம். காய்ந்த அடுக்கின்மீது மெல்லிய அடுக்கைப் பூசினால், ஒளி உள்ளே சென்று திரும்பும். தோலின் உயிர்ப்பும் பட்டின் பளபளப்பும் அப்படிப் பிறப்பவை.

இந்த நுட்பம் ரவிவர்மாவுக்கு எளிதில் கிட்டவில்லை. 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் தீட்டுவதை அருகிருந்து பார்த்தே அவர் அதைப் பெரிதும் கற்றுக்கொண்டார்.

அன்று அரண்மனைக்குள் இருந்த வண்ணம் இன்று குழாய்களில் அடைக்கப்பட்டுக் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறையேனும் அதைக் குழைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். பிழை செய்தபின் அதைத் திருத்தவும் நேரம் உண்டு என்பதை அவர்கள் கைப்படத் தெரிந்துகொள்ளட்டும்.