ஸ்பானிய உறவுப்பெயர்களும் தமிழாக்கமும்

உறவுப்பெயர்கள் ஒரு மொழியினர் குடும்பத்தை எவ்வாறு பகுத்துக் காண்கின்றனர் என்பதைப் புலப்படுத்துவன. ஸ்பானியம் பயில்வோர் அம்மொழியின் உறவுப்பெயர்களைத் தொடக்கப் பாடங்களிலேயே கற்றுவிடுகின்றனர். எனினும் அவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படும்போதுதான் இரு மொழிகளின் பகுப்பு முறைகளும் வேறுபடுதல் தெளிவாகிறது.

ஸ்பானிய உறவுப்பெயர்களுள் பெரும்பாலானவை ஒரே அடிச்சொல்லுடன் ஆண்பாலில் 'ஓ', பெண்பாலில் 'ஆ' என்னும் ஈறு பெற்று வருவன: 'இஹோ' (மகன்), 'இஹா' (மகள்), 'அபுவேலோ' (தாத்தா), 'அபுவேலா' (பாட்டி). 'பாத்ரே' (தந்தை), 'மாத்ரே' (தாய்), 'யேர்னோ' (மருமகன்), 'நுவேரா' (மருமகள்) போன்ற சில இதற்கு விலக்கு. ஆண்பால் பன்மை இருபாலாரையும் தழுவும். 'எர்மானோஸ்' என்பதைச் சகோதரர்கள் என்று மட்டும் கொள்ளுதல் பிழையாகலாம். உடன்பிறந்தோர் அனைவரையும் அது குறிக்கக்கூடும்.

பால் வேறுபாட்டைத் தவறாது காட்டும் இம்மொழி, வயது வேறுபாட்டையும் தாய்வழி, தந்தைவழி வேறுபாட்டையும் காட்டுவதில்லை. 'எர்மானோ' அண்ணனுமாகலாம், தம்பியுமாகலாம்; தேவை நேரின் 'மயோர்' (மூத்த), 'மெனோர்' (இளைய) என்னும் அடைகள் சேர்க்கப்படும். தந்தையுடன் பிறந்தானுக்கும் தாயுடன் பிறந்தானுக்கும் இலத்தீனில் தனித்தனிச் சொற்கள் இருந்தன. அவ்விரண்டின் இடத்தையும் கிரேக்கத்திலிருந்து பிற்கால இலத்தீன் வழியாக வந்த 'தீயோ' பெற்றது. எனவே 'தீயோ' என்பது தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூன்றற்கும் உரியது.

மறுதலையாக, தமிழ் ஒன்றாக்குவதை ஸ்பானியம் பிரிப்பதும் உண்டு. தாயின் உடன்பிறந்தானும் மனைவியின் தந்தையும் தமிழில் மாமா என்றே விளிக்கப்பெறுவர். ஸ்பானியத்தில் முன்னவர் 'தீயோ', பின்னவர் 'சுவேக்ரோ'. இரு மொழிகளும் ஒத்துப்போகும் இடமும் உண்டு. மக்களை மணவினையால் இணைத்த பெற்றோர் ஒருவருக்கொருவர் 'கொன்சுவேக்ரோஸ்' ஆவர். தமிழின் சம்பந்தி என்னும் சொல்லுக்கு இது நேராக அமைகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழக்குச்சொல் இன்மையால், ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர் இந்நேர்மையை இழக்க நேரிடும்.

பெருஞ்சிக்கல் 'ப்ரீமோ', 'ப்ரீமா' என்னும் சொற்களில் எழுகிறது. தந்தையின் உடன்பிறந்தார் மக்களும் தாயின் உடன்பிறந்தார் மக்களும் ஆகிய அனைவரையும் இவை குறிக்கும். தமிழிலோ சித்தப்பா மகள் தங்கை முறையினள். மாமன் மகள் மணமுறையினள். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967-இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' புதினத்தில் ஹொசே அர்காதியோ புவெந்தியாவும் உர்சுலாவும் இவ்வுறவினர். அவர்களுக்குப் பன்றிவாலுடன் குழந்தை பிறக்கும் என்ற அச்சம் கதை முழுதும் தொடர்கிறது. உர்சுலாவை மாமன் மகள் என்றால் தமிழ் வாசகருக்கு அவ்வச்சம் பொருளற்றதாகும். தங்கை முறையினள் என்றால் மூலத்தில் இல்லாத தகாமை வந்து சேரும். இத்தகைய இடத்தில் 'இரத்த உறவினர்' என்னும் பொதுச்சொல்லே பொருந்தும்.

மூலம் வழியை வரையறுக்கும் இடங்களில் குடும்பப்பெயர்கள் துணைபுரியும். ஸ்பெயினிலும் ஸ்பானிய அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் ஒருவர் தந்தையின் முதற் குடும்பப்பெயரையும் அதனையடுத்துத் தாயின் முதற் குடும்பப்பெயரையும் பெறுவது மரபு. 'கார்சியா லோபேஸ்' என்பவரின் 'ப்ரீமோ'வுக்குக் கார்சியா முதலில் வரின் அவர் பெரியப்பா அல்லது சித்தப்பா மகன். இரண்டாவதாக வரின் அத்தை மகன். லோபேஸ் முதலில் வரின் மாமன் மகன். இரண்டாவதாக வரின் பெரியம்மா அல்லது சித்தி மகன். ஸ்பெயினில் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வரிசையை மாற்றிக்கொள்ள இடமளித்தமையால், பிற்காலப் பெயர்களில் இவ்விதியை ஆய்ந்தே கொள்ளல் வேண்டும்.

எனவே பெயர்ப்பைத் தொடங்குமுன் குடும்ப வழிமரத்தை வரைந்துகொள்ளுதல் நலம். மூலம் தெளிவாக்கிய உறவைத் தமிழின் சிறப்புச்சொல்லாலும், திறந்து விட்டதைப் பொதுச்சொல்லாலும் உணர்த்துவதே நேரிய முறையாகும்.