மருந்துக்கு அடங்காத கிருமி

பூச்சிமருந்தை அளவு குறைத்தும் நாள் தவறியும் தெளித்தால், அதைத் தாங்கும் பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. பின்னர் அம்மருந்து பலிப்பதில்லை. பழனி வட்டாரக் குடியானவர்கள் இதை நன்கு அறிவார்கள். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியின் விஷயமும் இத்தகையதே.

இக்கிருமி பெருகும்போது தன்னைப் பிழையாகப் படியெடுக்கும் இயல்புடையது. அப்பிழைகளுள் ஒன்று, மருந்தைத் தாங்கும் சக்தியை அதற்கு அளித்துவிடலாம். ஆகவேதான் மூன்று மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. அவை தினந்தோறும் உடலில் சேரும்வரை கிருமி அடங்கியிருக்கும். இடையில் நிறுத்தினால், இரத்தத்தில் மருந்து அரைகுறையாக எஞ்சியிருக்கையிலேயே கிருமி மீண்டும் பெருகி, அம்மருந்தை வென்றுவிடக்கூடும். அவ்வாறு மாறிய கிருமி பிறருக்கும் தொற்றக்கூடும்.

ஏழை நாடுகளில் இச்சிகிச்சை தடைப்படுவது ஏன்? முதற்காரணம் விலை. நம் நாட்டில் இக்கிருமி 1986-ல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1996-ஐ ஒட்டி மும்மருந்துச் சிகிச்சை வந்தபோது, ஆண்டொன்றுக்குச் சுமார் 10,000 டாலர் செலவாயிற்று. 2001-ல் இந்தியக் கம்பெனி ஒன்று 350 டாலருக்குத் தர முன்வந்தது. கூலி வேலை செய்வோருக்கு அதுவும் எட்டாத விலையே. பணமுள்ள மாதம் வாங்குவதும் இல்லாத மாதம் நிறுத்துவதும் கிருமிக்கே துணை செய்தன.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. 2017 முதல், நோய் கண்டவுடனேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது. எனினும் மருந்து இருப்புக் குறைவு, கிருமியின் அளவை அறியும் பரிசோதனையில் தாமதம், பஸ் செலவு, திருப்பூர் போன்ற ஊர்களுக்குப் பிழைக்கச் செல்லுதல் ஆகியவை இடையூறுகளாகும். இவற்றினும் கொடியது, அண்டை வீட்டார் அறிந்துவிடுவரோ என்ற அச்சம். மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டியவர் அதை நாள் தவறாமல் உண்பது எங்ஙனம்?

இவ்விஷயத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்கவை உண்டு. ஒருவருக்கு நோய் உண்டா என்று விசாரிப்பதும், அறிந்ததை வெளியிடுவதும் வேண்டாம். அவரது சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளியூர் செல்வோர் ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே தெரிவித்தால், செல்லுமிடத்திற்கு அருகிலுள்ள மையத்தில் மருந்து பெற வழி செய்வர் என்பதைக் கிராம சபையில் பொதுவாக எடுத்துரைக்கலாம். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மருந்தைக் கொடுப்பது அரசின் கடமை. அதை அச்சமின்றி உண்ணத்தக்க ஊராக நம் ஊரை ஆக்குவது நம் கடமையாகும்.