வில்லுக்குள் இருக்கும் ஈரம்

புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியை நீங்கள் அறிவீர்கள். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் உடும்பில் போய்த் தைத்ததாம். புலவர் அம்பைப் பாடினார். அந்த வில்லுக்குரிய மரத்தை வெடிக்காமல் உலர்த்தியவர் யார்? இந்தக் கேள்வி எனக்குப் பதினான்கு வயதிலே எழுந்தது. என் அண்ணனின் கன்னத்துத் தழும்புதான் அதற்குக் காரணம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் வளர்ந்தோம். மாசி மாதக் காமன் கூத்தில் அண்ணனுக்கு மன்மதன் வேடம். மன்மதனுக்குக் கரும்பு வில் என்பது புராணம். எங்கள் கூத்திலோ மரவில்லில் கலர்க் கடதாசி சுற்றுவார்கள். அதைச் செய்யும் பொறுப்பைக் கூத்து வாத்தியார் என்னிடம் தந்தார். ஆடி மாதத்தில் கொய்யாக் கிளையொன்றை வெட்டி, பட்டையை உரித்து, லயத்தின் தகரக் கூரைமேல் வெயிலில் போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் இரு முனைகளும் வெடித்திருந்தன. வெடிப்பில் மெழுகை உருக்கி ஊற்றி, கடதாசி சுற்றி மறைத்துவிட்டேன். தை மாத ஒத்திகையில் அண்ணன் நாணை இழுத்தார். வில் படாரென முறிந்தது. சிராய் கண்ணுக்குக் கீழே கிழித்தது. ஓர் அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"மரம் வெடிச்சது மரத்தோட குத்தமில்ல தம்பி, ஒன்னோட அவசரம். அத மறைச்சியே, அதுதான் குத்தம்" என்றார் தோட்டத்து ஆசாரித் தாத்தா. பிறகு பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுத் தந்தார். அவர் சொன்னதையும் பின்னாளில் நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பச்சை மரத்தில் நீர் இரு விதமாக இருக்கிறது. ஒன்று நாரின் உட்குழியில் தேங்கிய நீர். அது வெளியேறும்போது மரம் சுருங்குவதில்லை. மற்றது நாரின் சுவரிலே ஊறிய நீர். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்த நீர் குறையத் தொடங்கும். சுருக்கமும் அப்போதே தொடங்கும். வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே முழு உருண்டையாகக் காயும் கிளை, தன் இழுவையைத் தானே தாங்காமல் பிளக்கிறது. அதோடு, வெட்டுமுனை வழியே நீர் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகப் போய்விடும். முனை சுருங்கும், நடுப்பகுதி சுருங்காது. வெடிப்பு முனையில் தொடங்குவது இதனால்தான்.

அதற்கேற்ற வழிகள் இவை. கிளையை வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்ற்றோ தடிப்பாகப் பூச வேண்டும். நடுக்குருத்து வழியே நீளமாகப் பிளந்துகொள்ள வேண்டும். பட்டையை உரித்தால் முதுகுப்பக்கம் முழுவதும் பூச வேண்டும். தேவையான நீளத்துக்கு மேல் இரு பக்கமும் ஒரு சாண் கூட விட்டால், முனை வெடித்தாலும் வெட்டியெறியலாம். பிறகு நிழலில், நிலத்தில் படாமல் தாங்கி வைத்து, காற்று மெல்லப் படும்படி விட வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள பரண், சில மாதங்கள் கழிந்த பிறகே.

நமது ஊவாவில் இன்னொரு சங்கதி உண்டு. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருகிறது. அதே காற்று பச்சை மரத்தை வெடிக்கச் செய்யும். ஸ்டோரில் கொழுந்தை எப்படி வாட்டுகிறார்கள்? அனலில் போடுவதில்லை, மணிக்கணக்காகக் காற்றில் மெல்ல வாட்டிய பின்பே உருட்டுகிறார்கள். மரமும் அப்படித்தான், அதற்கு மணிக்கணக்குப் போதாது, மாதக்கணக்கு வேண்டும். காய்ந்ததா என்றறியத் தராசு போதும். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, பல வாரம் நிறை குறையாமல் நின்றால் மரம் தயார்.

அதன் பின்னும் வெடிப்பிருந்தால்? நார் ஓடும் திசையிலேயே நடுவாகப் போகும் மெல்லிய கீறல் சிலவேளை தாங்கும். விளிம்பை நோக்கிச் சாய்ந்தோடும் வெடிப்பு தாங்காது. அந்தத் துண்டு விறகுக்குத்தான்.

அந்த மாசிக்குத் தாத்தா தமது பரணிலிருந்து நன்கு உலர்ந்த கம்பொன்றை எடுத்துத் தந்தார். மறு ஆண்டு வில் என்னுடையது. அண்ணன் என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கூத்துக்கு முன்பு கடதாசி சுற்றுவதற்கு விடாமல், வில்லின் இரு முனைகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். பார்த்த பிறகே, "ம், இப்ப சுத்து" என்பார்.