கிடங்குக்குப் பகலிலேயே குளிரேற்றலாம்

குளிர்பதனக் கிடங்குக்கு மாலை நேர மின்சாரம்தான் பெருஞ்செலவு. 2023இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி, சூரிய ஒளி நேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிட 20 சதமாவது குறைய வேண்டும். வணிக, தொழில் இணைப்புகளுக்கு உச்ச நேரக் கட்டணம் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது.

ஆகவே விதை உருளைக்கிழங்கைப் பகலில் 2 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்து, மாலையில் கம்ப்ரசரை நிறுத்தலாம். 4 டிகிரி வரை ஏறினாலும் பழுதில்லை. அதற்கு எத்தனை மணி நேரமாகும்? அவரவர் கிடங்கில் அளந்தால்தான் தெரியும். வெப்பமானியை மூட்டைகளுக்கு நடுவே செருகுக. காற்றின் சூடு ஏமாற்றும். கதவைச் சாத்தி, அரை மணிக்கொரு முறை குறித்து வருக. நிறைந்த கிடங்கு நெடுநேரம் தாங்கும். கிழங்கே குளிரைப் பிடித்து வைத்திருக்கும். காலிக் கிடங்கு சீக்கிரம் சூடேறும். வெயிலில் கிடந்த மூட்டைகளை மாலையில் ஏற்றினாலோ, கதவு ரப்பர் கிழிந்திருந்தாலோ இந்தக் கணக்குச் செல்லாது.